டைகர் சுகமா?

நோயாளியோடு ஆள் நிற்கிற வேலைக்குப் படிப்பு வேண்டாம், கண் விழிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். கண் விழிப்பதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதுதான் அந்த வேலையில் சிரமம். அதைக் கொழும்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, அப்பாவைப் பெற்ற அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதங்களில் அதைப் படித்திருந்தேன். அவ்வளவும் ஒரு நாயைப் பற்றிய கடிதங்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் மாடிக்கு மாடி ஒரு கிழவரோ கிழவியோ இருப்பார்கள். பிள்ளைகள் டொரொண்டோவில், லண்டனில், மெல்பேர்னில். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது ராகலையிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ வந்த ஒருத்தி. காலை 7 மணிக்கு ஏறினால் இரவு 7 மணிக்கு இறங்கலாம். இரவு ஏறினால் விடிய இறங்கலாம். எங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்குத் தடையில்லை. "அக்கா, எங்க தோட்டத்துல திருவிழா, வெள்ளிக்கிழம நைட் நீங்க நில்லுங்க, நா ஒங்களுக்கு ரெண்டு டே நிக்கிறேன்" என்று ஒருத்தி கேட்பாள். சரியென்றால் சரி. தோட்டத்தில் எந்த நாள் தோது என்று யாரும் யாரையும் கேட்டது கிடையாது. காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய பேர் போச்சு, கூலியும் போச்சு. அங்கே வளர்ந்த எனக்கு, நாளை நானே தெரிவுசெய்வது ஒரு சொகுசாகவே இருந்தது. ஆனால் அந்தச் சொகுசுக்கு ஒரு அடி உண்டு. நோயாளி கண்ணை மூடினால் அந்த நேரத்தோடு வேலையும் முடிந்தது. அழுகிறதை அழுதுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான். லீவுச் சம்பளம், சேமலாப நிதி என்ற பேச்செல்லாம் இல்லை.

நான் இரவையே கேட்டு வாங்குவேன். அதற்கு அந்த யுத்த வருசங்களில் ஒரு காரணம் இருந்தது. கொழும்பில் தங்குகிற வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிந்துகொண்டு, நடுச்சாமத்தில் கதவு தட்டினால் அடையாள அட்டையை நீட்ட வேண்டிய காலம். 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் இருந்தவர்களை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. வாடகை அறையில் படுத்துக் கிடப்பதைவிட ஒரு நோயாளியின் கட்டிலோரம் பாதுகாப்பு. பகலில் தூங்குகிறவளை யாரும் தட்டி எழுப்புவதில்லை.

அப்போது நான் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஐயா. கந்தோரில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, ஞாபகமும் விட்டு விட்டு வரும். 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்ட வேண்டும். புரட்டுவதென்றால் தள்ளுவதில்லை. முழங்காலை மடித்து, ஒரு கையை இடுப்பிலும் மற்றதைத் தோளிலும் வைத்து, "ஐயா, இந்தப் பக்கம் வாறீங்களா" என்று கேட்டு, அவர் உடம்பு இளகின பிறகு உருட்ட வேண்டும். கேட்காமல் உருட்டினால் உடம்பு விறைத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துவாய். புண் முதலில் குதிக்காலிலும் நடு இடுப்பின் அடியெலும்பிலும்தான் வரும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண்ணுக்கு ஆரம்பம். டோர்ச் பிடித்து அதைப் பார்க்காத இரவில்லை.

பொழுது சாய்ந்தால் அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஞாபகம் விட்டுப்போகிற நோயில் அந்தி மயங்குகிற நேரம் பலருக்கும் பொல்லாதது.

"பிள்ளை, யாழ்தேவி வெளிக்கிட்டிட்டுதே?"

"இல்லீங்க ஐயா, இன்னும் நேரம் கெடக்கு."

"டிக்கெட் எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு ஐயா. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போவோம்."

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக் கோச்சி, 1990இல் சண்டை மூண்டதோடு யாழ்ப்பாணம் போவதை நிறுத்திவிட்டது. நானும் ஐயாவும் டிக்கெட் எடுத்து வைத்திருந்த நாட்களில் அது வவுனியாவைத் தாண்டுவதில்லை. திரும்ப யாழ்ப்பாணம் போனது 2014 ஒக்டோபரில். அதற்குள் ஐயா போய்விட்டார்.

அவர் கோச்சிக்குக் காத்திருக்கிற நேரங்களில் என் நினைவு மேலே, மலைநாட்டுக்கு ஏறிவிடும்.

எங்கள் பக்கம் கோச்சி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பார் தாத்தா. நானுஓயாவில் பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சின்னக் கோச்சி 1904இலிருந்து ஓடியது. தேயிலைப் பெட்டி ஏற்றத்தான் அது. 1940களில் மூடித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பிறந்து கண் திறந்தபோது எங்கள் ஊருக்கு பஸ்ஸும் லொறியும்தான்.

தாத்தாவுக்குப் பெரிய பங்களாவில் நாய் பார்க்கிற வேலை. செக்ரோலில் பங்களா வேலை என்று பதிந்திருக்கும். லயத்தில் 'நாய்க்காரர் வீடு' என்றால்தான் தெரியும். வெள்ளைத்துரைமாருக்கு நாய்ப் பைத்தியம் ஆதியிலிருந்தே உண்டு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கு நாய்க்கூட்டமே வைத்திருந்தார், புத்தகமும் எழுதினார். நாய்கள் அதில் பேரோடு வருகின்றன. எங்கள் துரையிடம் அவ்வளவு இல்லை. இருந்தவற்றுக்கு இறைச்சியும் சோறும் வேகவைக்கிற வாசனையில் பங்களாக் குசினிப் பக்கம் பிள்ளைகள் சுற்றுவோம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம்.

மழைக்காலத்தில் நாயின் மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். தாத்தா அதை எடுக்கிற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பிடித்து இழுத்தால் அறுந்துபோகும், நாயும் கடிக்கும். நாயைக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் கட்டிப்போடுவார். பிறகு ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே வைத்து, நாய் குடிக்கக் குனிகிறபோது பக்கத்தில் குந்திக்கொள்வார். தண்ணீரின் குளிர்ச்சிக்கு அட்டை மெல்லத் தலையை வெளியே நீட்டும். அவர் அவசரப்பட மாட்டார். நீளட்டும், இன்னும் நீளட்டும் என்று விட்டு, உப்பு தோய்த்த துணியால் ஒரே பிடி. அந்தக் குந்தலில் அவர் மூச்சுகூட விடமாட்டார். கட்டிலோரம் இரவெல்லாம் உட்காரும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தக் குந்தல்.

துரை ஆறு மாச லீவில் சீமைக்குப் போனால், நாய்கள் எப்படி என்று கிளாக்கர் ஐயா கடிதம் போட வேண்டும். தாத்தா வாசலில் நின்று சொல்வார், அவர் இங்கிலீசில் எழுதுவார். தாத்தா சொன்னது என்ன, எழுதினது என்ன என்று இருவருக்கும்தான் தெரியும்.

1974 பஞ்சத்தில் மாவும் இல்லாமல் தோட்டத்து ஜனம் மரவள்ளிக்கும் கீரைக்கும் அலைந்தது. கூப்பன் கடையில் நின்று வெறும் பையோடு திரும்பிய நாட்கள் அவை. நாய்ச்சோற்றிலிருந்து தாத்தா வீட்டுக்கு எதுவும் எடுத்துவரவில்லை என்று அப்பாயி பெருமையாகச் சொல்வார். எனக்கு இன்றைக்கும் அது பெருமையாகப் படவில்லை. நாங்கள் பசியோடு படுத்தோம். அடுத்த வருசம் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைத்துரை மூட்டை கட்டினார். போகும்போது நாய்களைச் சுட்டுவிட்டுப் போன துரைமாரும் உண்டு என்று தாத்தா சொல்லியிருக்கிறார். எங்கள் துரை அப்படிச் செய்யவில்லை, யார் யாருக்கோ பிரித்துக் கொடுத்தார். தாத்தா மறுபடி மலைக்கு, கவ்வாத்து வெட்டப் போனார்.

அதே காலத்தில்தான் ஜனமும் போகத் தொடங்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளி ஜனத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதியாகிவிட்டது. பேரும் முறையும் வந்து சேர 70கள் ஆனது. பாஸ்போட் வந்த வீடு தெரிந்துவிடும். மாட்டை விற்பார்கள், கோழியை அறுப்பார்கள், அம்மியை யாருக்காவது கொடுப்பார்கள். நானுஓயாவில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அந்தக் கோச்சிக்கு மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்றே பேர். ஸ்டேசனில் ஏறியவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள்.

நாய்க்குப் பாஸ்போட் இல்லை.

எங்கள் லயத்தில் அடுத்த காம்பராக்காரர்கள் போனபோது டைகரை எங்கள் இஸ்தோப்புத் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். செம்மண் நிறம், ஒரு காது மடங்கி இருக்கும். "பாத்துக்கங்க அத்தே" என்றார் அந்த வீட்டு மாமா. "போயிட்டு வாங்கய்யா, நா பாத்துக்கிறேன்" என்றார் அப்பாயி. அவிழ்த்துவிட்ட நாளிலிருந்து டைகர் எங்கள் வீட்டில் தின்றுவிட்டு, பூட்டிக் கிடந்த பழைய காம்பரா வாசலில்தான் படுத்தது. வேறு குடும்பம் குடிவந்து விரட்டிய பிறகும் அங்கேதான். இப்படி விட்டுப் போன நாய்கள் எங்கள் லயத்தில் இன்னும் சில உண்டு. எல்லாவற்றுக்கும் ரொட்டித் துண்டு போடுகிற வீடு நாய்க்காரர் வீடுதானே.

நீலகிரியில், இங்கிருந்து போனவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் டைகரின் வீட்டாருக்கு வேலை கிடைத்தது. கூடலூர்ப் பக்கம். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரங்க என்று பேர் என்று எழுதியிருந்தார்கள். இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரர்கள். அந்தக் கடிதங்களில் கொழுந்து விலை, குளிர், அரிசி விலை எல்லாம் வந்து, கடைசியில் ஒரு வரி தவறாமல் வரும்: டைகர் சுகமா?

சுகமாகத்தான் இருந்தது, சிறுத்தை தூக்கும்வரை. எங்கள் பக்கத்துச் சிறுத்தைக்கு நாய் என்றால் அலாதிப் பிரியம். இன்றைக்கும் லயத்து நாய்கள் இராவோடு இராவாகக் காணாமல் போவது அங்கே செய்தியே அல்ல. காலையில் தேயிலைக்குள் இழுத்த தடத்தைத் தாத்தா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த கடிதத்துக்குப் பதில் எழுத ஏர்மெயில் தாளோடு உட்கார்ந்தேன். சிறுத்தையை நாங்கள் புலி என்போம்; புலி தூக்கிவிட்டது என்று எழுதத் தொடங்கினேன்.

"நிறுத்து புள்ள," என்றார் அப்பாயி. "அங்கன இருந்துகிட்டு அதுக என்னா செய்யும்? டைகர் சொகம், சாப்பாடு மட்டும் கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு எழுது."

எழுதினேன். அதற்கடுத்த கடிதத்தில் டைகருக்கு வயசாகிவிட்டது, வெயிலில் படுத்தே கிடக்கிறது என்று எழுதச் சொன்னார். அதற்கும் அடுத்ததில் பால்சோறு மட்டும் தின்கிறது. பிறகு ஒருநாள், ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலம் தூக்கத்திலேயே போய்விட்டது, பீலிக்கரை மேட்டில் சீத்தாமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம், தாத்தா ஒரு பிடி மண் போட்டார். சீத்தாமரம் இருந்தது. மற்றதெல்லாம் அப்பாயி கட்டியது. செத்த நாயை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவைத்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒருவர் பல வருசம் கழித்து ஊர் பார்க்க வந்தார். பாட்டி சுகம், பாட்டி சுகம் என்று அவர்கள் எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பாட்டி மண்டபம் முகாமிலேயே இறந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாயி உயிரோடு இருந்திருந்தால், நன்றாகச் செய்தார்கள் என்று சொல்லியிருப்பார்.

அப்பாயியின் முழுநேர வேலை நாயல்ல. கொழுந்து எடுக்க முடியாத வயதில் பகலுக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. சாக்குத் தொட்டில்களை ஆட்டிக்கொண்டு, தாய்மார் பால் கொடுக்க இறங்கி வரும்வரை பிள்ளைகளை அமர்த்த வேண்டும். இரவுக்கு எந்தக் காம்பராவில் நோய் கண்டிருக்கிறதோ அங்கே. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கிற தண்ணி மருந்துக்குக் கேட்காவிட்டால், துண்டு வாங்கி, கொழுந்து லொறியில் படுக்கவைத்து உடப்புசல்லாவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லொறி வரும்வரை, அல்லது உயிர் போகும்வரை, ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரி இரவில் கண் விழித்தால் காலையில் மலை ஏற முடியாது, ஏறாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மா இல்லை. அதனால்தான் அப்பாயி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெற்றிலைப் பையோடு போவார். கூலியென்று எதுவுமில்லை, சில வீட்டில் ஒரு கொத்து மா, சில வீட்டில் வெறும் சாயத்தண்ணி. அந்தக் காலத்து மனிதர் அன்பே தனி என்று இப்போது பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அன்பும் இருந்தது. ஒரு கிழவியின் தூக்கத்தில் மற்றவர்கள் பேர் போட்டதும் இருந்தது.

கொழும்பில் என் கையில் ஒரு கொப்பி இருந்தது. சிறுநீர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மருந்து எத்தனை மணிக்கு என்று டொக்டருக்காக எழுதுவது. அதில் ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். டெலிபோன் வேறு. டொரொண்டோவில் கோடையில் இரவு 8 மணி என்றால் நமக்கு விடிய 5.30. வேலை முடிந்து, சமையல் முடிந்து, மகள் அப்போதுதான் எடுப்பார்.

"அப்பா சாப்பிட்டவரே? என்னைக் கேட்டவரே?"

"ஒன்றரை இட்லி சாப்பிட்டாருங்க மிஸ்" என்பேன். அந்த ஒன்றரை இட்லிக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனதைச் சொல்லமாட்டேன். காய்ச்சல் அடித்தாலோ, குடிக்கிறது புரையேறினாலோ, குதிக்கால் சிவந்தாலோ உடனே சொல்வேன். அங்கிருந்து ஒரு டொக்டரைப் பிடித்து அனுப்ப அவரால் முடியும். மகளின் பேரை ஐயா மறந்து கொஞ்ச நாளாகிறது என்பதற்கு அவர் என்ன செய்ய? அதைத் தவணை முறையில் சொன்னேன். முதலில் பேர் சொல்லக் கொஞ்சம் தடுமாறுகிறார். பிறகு, சின்ன மகளென்று சொல்கிறார், பேர் வரவில்லை. அந்த வருசக் கடைசியில் அவர் லீவு எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் நின்றபோது, "ஆர் பிள்ளை இது?" என்று ஐயா என்னைக் கேட்டார். மகள் அழுதார். ஆனால் அதிர்ந்துபோகவில்லை.

இப்படியொரு சாமர்த்தியம் இனி வேண்டியதில்லை. நான் கடைசியாக நின்ற வீடுகளில் கட்டிலுக்கு நேரே கெமரா. பிள்ளைகள் கனடாவில் பஸ்ஸில் போகும்போதே பார்த்துவிட்டு, "அம்மான்ர தலையணை சரிஞ்சு கிடக்கு" என்று எனக்குப் போன் எடுப்பார்கள். இளம் பெண்கள் கேர்கிவர் கோர்ஸ் படித்து, என்.வி.கியூ. சான்றிதழோடு இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். எல்லாவற்றையும் எழுது, எதையும் மறைக்காதே என்றுதான் அவர்களுக்குப் பாடம். சரியான பாடம்தான். புண்ணை மறைத்து ஆளைக் கொன்ற வீடுகளும் எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருந்தார்கள்; 2024இல் 1350 ஆனது. அதை நம்பி என் தம்பி பேரன் மலைக்குப் போகவில்லை. மரக்கறி லொறி, பெயின்ட் வேலை, கிடைத்ததெல்லாம். எங்கள் பக்கத்துப் பழைய துரை பங்களா ஒன்று இப்போது வாடகைக்கு விடுகிற விடுதி. ஏப்ரல் சீசனில் கொழும்புக்காரர் நாயோடு வந்து, நாயை விட்டுவிட்டு நுவரெலியாவில் குதிரை ஓட்டம் பார்க்கப் போகிறார்கள். போனவாரம் அப்படி விட்டுப்போன ஒரு நாயைப் பார்க்கிற வேலை அவனுக்கு. எனக்குப் போன் எடுத்தான்.

"அம்மாச்சி, நாய் சாப்பாட்ட மோந்துகூடப் பாக்குதில்ல. மணிக்கொருக்கா வீடியோ அனுப்பச் சொல்றாங்க. என்னா செய்ய?"

"எடம் புதுசுடா. சோத்த வச்சிட்டு நீ பேசாம அதுக்கு முதுகக் காட்டி ஒக்காரு. தின்னும்."

"வீடியோ?"

"தின்னதுக்கப்புறம் எடுத்து அனுப்பு. ராவுக்கும் நீதான் நிக்கிறியா?"

"ஆமா."

"ராவுக்கு வேற ரேட்டு கேளுடா. புலி வர்ற எடம் அது."

"கேட்டாச்சு அம்மாச்சி. பகலுக்கு ரெண்டு மடங்கு, அட்வான்சும் வாங்கிட்டேன்."